வெள்ளியாற்று ஒத்திகை

வெள்ளியாற்றுப் பள்ளத்தாக்கு வாரியம் நல்ல வார்த்தைகளில்தான் மறுத்திருந்தது. தங்கள் குடும்பத்தின் மகிழ்ச்சியில் எங்களுக்கு மிகுந்த அக்கறை உண்டு, எனினும் ஒத்திகையில் உரசல் கூடுதலாக இருப்பதால் ஆற்றோரம் கேரவன் நிறுத்த அனுமதி தர இயலவில்லை, வணக்கம். கீழே சிவப்பில் 61 என்று ஒரு மதிப்பெண். தேறுவதற்கு எழுபத்தைந்து வேண்டும்.

மோகனப்பிரியா அதைக் கம்பெனியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், வாயில் தயிர்சாதத்தோடு படித்தாள். வருத்தம் வரவில்லை, கோபம்தான் வந்தது. திருப்பூரில் ஒரு பெரிய பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவுக்கு அவள் தலைவி. ஊரார் தைத்ததில் ஓட்டை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது அவள் வேலை. ஐம்பத்திரண்டு வயதில் அவளையே ஒருவர் திருப்பி அனுப்புவது இதுதான் முதல் தடவை. கை கழுவியும் கழுவாமலும் வாரியத்துக்குப் போன் போட்டாள்.

“சொல்லுங்க மேடம், அனுமதிப் பிரிவு. ஜெசிந்தா பேசறேன்.”

“ஏனுங்க, நாங்க மூணு பேரும் இன்னும் வீட்ட விட்டே கெளம்பலீங்க. அதுக்குள்ள சண்டை போட்டோம்னு எப்படீங்க எழுதறீங்க?”

“நீங்க கெளம்பல மேடம். உங்க நிழலுங்க போயிட்டு வந்துருச்சுங்க.”

நிழல் என்றால் என்னவென்று மோகனாவுக்குத் தெரியாமல் இல்லை. அப்போதெல்லாம் போன் வைத்திருந்த எல்லோருக்கும் ஒரு நிழல் இருந்தது. நாம் பேசுவதையும் முணுமுணுப்பதையும் எரிந்து விழுவதையும் கேட்டுக் கேட்டு நம்மைப் போலவே ஆகிவிட்ட ஒன்று. பேங்கில் தகராறு பேச, கரண்ட் ஆபீஸில் முறையிட, பிடிக்காத சொந்தக்காரர்களுக்குக் கல்யாணநாள் வாழ்த்துச் சொல்ல எல்லாம் அதை அனுப்பிவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கலாம். வாரியம் இந்தக் குடும்பத்தின் மூன்று நிழல்களையும் இரவல் வாங்கி, ஒரு கற்பனைக் கேரவனில் ஏற்றி, கற்பனை ஆற்றங்கரையில் நான்கு நாள் குடும்பம் நடத்த விட்டிருக்கிறது. அதுவும் ஒரு முறை இல்லை, ஆயிரக்கணக்கான முறை.

“எல்லாத்துலயும் சண்டைதானுங்களா?”

“முக்கால்வாசியில. அனுப்பி வெக்கறேன், கேட்டுப் பாருங்க. சத்தம் மட்டுந்தான் வரும்.”

“ஆத்தங்கரையில ஒரு குடும்பம் சண்டை போட்டா வாரியத்துக்கு என்னங்க நட்டம்?”

ஜெசிந்தா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: “ஒரு மழைக்காலத்துல மேல அணையத் தொறந்தாங்க. சைரன் ஊதுச்சு. எல்லா வண்டியும் மேட்டுக்கு ஏறிருச்சு, ஒரு வண்டி மட்டும் ஏறல. உள்ள பெரிய சண்டை. வண்டிய எடுங்கறாரு ஒருத்தரு, நீ சொல்லி நான் எடுக்கறதாங்கறாரு இன்னொருத்தரு. பக்கத்து வண்டிக்காரங்க போயி கதவத் தட்டியிருக்காங்க, தொறக்கல. அதுக்கப்பறம் வந்த விதிங்க இது. எனக்கே சில நாள் இந்த விதி மேல எரிச்சலா வரும். ஆனா எடுத்துருங்கன்னு சொல்ல மனசு வரல.”

மோகனாவுக்கும் அதற்கு மேல் வாதாட மனசு வரவில்லை.

“ஆள மாத்தியோ கொறைச்சோ எத்தனை தடவ வேணும்னாலும் ஒத்திகை போட்டுப் பாருங்க மேடம். தேறுனதும் அனுப்புங்க” என்றாள் ஜெசிந்தா. அப்படியொரு வழி இருப்பதாக அவள் சொன்னது உதவியாகத்தான். அதனால் என்னவெல்லாம் வந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

வெள்ளியாற்றுக்குப் போக ஆசைப்பட்டது மகள் நறுமுகை. கடல்பாசி வளர்ப்பு படித்தவள். நார்வேயில் ஒரு பண்ணையில் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் வேலை கிடைத்து, சென்னை அறையைக் காலி செய்துவிட்டு ஒரு மாதத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். வந்த மறுநாள் காலை, இட்லி தின்றுகொண்டே கேட்டாள்.

“அம்மா, கேரவன் ஒண்ணு வாடகைக்கு எடுத்துட்டு வெள்ளியாறு போலாமா? மூணு பேரும். அப்பாகிட்டக் கேளு.”

அப்பா தரணிதரன் அதே மேஜையில், அவள் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்து சட்னியைத் தொட்டுக்கொண்டிருந்தார். மோகனா அவர் பக்கம் திரும்பினாள்.

“ஏனுங்க, வெள்ளியாறு போலாமான்னு கேக்கறா.”

“போலாம்னு சொல்லு.”

“போலாமாம்” என்றாள் மோகனா, மகளிடம்.

“எத்தனை நாள் லீவு போடுவாருன்னு கேளு.”

“எத்தனை நாளுங்க?”

“நாலு நாள் போடலாம்.”

“நாலு நாளாம்.”

வெளியாள் யாராவது பார்த்திருந்தால் அப்பாவும் மகளும் வேறு வேறு பாஷைக்காரர்கள், நடுவில் இருப்பவர் மொழிபெயர்ப்பாளர் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் மோகனாவுக்கு இதில் ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. இரண்டு வருஷமாகச் செய்கிற வேலை பழகிவிட்டது. ஒரு தையல் கோணலாகப் போயிருந்தால் பத்தடி தள்ளி நின்றே சொல்லக்கூடிய கண், தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சரியாகப் பார்க்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. தரணி சிறியதாக ஒரு நிட்டிங் ஷெட் வைத்திருக்கிறார். மகள் படிப்பை முடித்ததும் அவள் வந்து உட்காருவாள் என்று தானே முடிவு செய்துகொண்டு, அவளைக் கேட்காமல், புது மிஷின் ஒன்று இறக்கி அதற்குப் பூவும் வைத்துவிட்டார். அவள் வந்து பார்த்துவிட்டு, “எனக்குச் சென்னையில வேலை கெடச்சிருச்சுப்பா” என்றாள். அவர் “சரி” என்றார். அவ்வளவுதான். யாரும் கத்தவில்லை, யாரும் அழவில்லை. கத்தியிருந்தால் மறுநாள் சமாதானம் பேசியிருக்கலாம். இது பேசுவதற்கு ஒன்றுமில்லாத மாதிரி ஆகிப்போய், நாள் செல்லச் செல்ல எப்படி ஆரம்பிப்பது என்பதும் இருவருக்கும் மறந்துபோயிற்று. இரண்டு பேருமே நல்லவர்கள். அதுதான் கஷ்டம்.

அதனால் பயணத் திட்டம் முழுக்க மோகனாவின் தலையில் விழுந்தது. அவளும் அதை ஆசையாகத்தான் சுமந்தாள். கோயம்புத்தூரில் கேரவன் விடுகிற இடத்துக்கு நேரில் போய், சினிமாக்காரர்கள் உட்கார்கிற வண்டி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்ததை ஏறி இறங்கிப் பார்த்தாள். இரண்டு கட்டில், மடக்கினால் மேஜை, விரித்தால் இன்னொரு கட்டில். அடுப்பில் குக்கர் நிற்குமா என்று வீட்டுக் குக்கரையே கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். கழிவுத் தொட்டி எங்கே, அதை எங்கே கொண்டுபோய்க் காலி செய்வது, ஆற்றில் விட்டால் என்ன அபராதம், எல்லாம் விசாரித்தாள். மலைக் குளிரில் இட்லி மாவு புளிக்குமா என்ற கேள்விக்குக் கேரவன்காரப் பையனுக்குப் பதில் தெரியவில்லை. “தோசையா ஊத்திக்கலாம்” என்று அவளே முடிவு செய்தாள். ஆற்று வளைவில், இரண்டு மருதமரங்களுக்கு நடுவே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தாள். காலையில் வெயில் படும், மதியம் நிழல் விழும். இவ்வளவுக்கும் பிறகுதான் 61 வந்தது.

மறுநாள் மதியம் மெஷின்கள் நின்ற நேரத்தில், துணிமூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு அந்த ஒத்திகையைக் கேட்டாள்.

ஆற்றுச் சத்தம். ஏதோ ஒரு குருவி. பிறகு அவளுடைய குரல்.

“அந்த ஈரத்துண்ட கட்டில்ல போடாத. ஏனுங்க, கேஸ மூடுனீங்களா? மூடுனீங்களான்னு கேட்டேன். கல்லு வழுக்கும், செருப்ப மாட்டிட்டு எறங்கு. தயிரு எங்க? வெளிய வெச்சா புளிச்சுப் போகாதா?”

“அம்மா, ஒரு அஞ்சு நிமிசம் சும்மா இரேன்” என்றது நறுமுகையின் நிழல்.

“நான் சும்மா இருந்தா சோறு யாரு ஆக்கறது?”

சண்டை. பாத்திரம் வைக்கிற சத்தம். தரணியின் நிழல் ஒரு பெருமூச்சு விட்டது. அடுத்த நாளும் அவளே பேசினாள். அதற்கடுத்த நாளும் அவளே பேசினாள். மோகனா காதிலிருந்து அதைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மனுஷி இவ்வளவா பேசுவாள்? அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

பிறகு அவள் செய்ததை, செக்கிங் பிரிவில் முப்பது வருஷம் உட்கார்ந்த ஒருத்திதான் செய்திருக்க முடியும். ஒரு கட்டுச் சரக்கு தேறாமல் திரும்பி வந்தால் மொத்தத்தையும் தூக்கிப் போட மாட்டார்கள். பிரித்து வைத்து, ஒவ்வொரு உருப்படியாக வெளியே எடுத்து, எது கெட்டது என்று பார்ப்பார்கள். அந்த ஒன்று போய்விட்டால் மீதிக்கட்டு தேறிவிடும். மோகனா தன் குடும்பத்தையும் அப்படித்தான் பிரித்தாள்.

முதலில் தரணியை எடுத்தாள். தாயும் மகளும் மட்டும் வெள்ளியாற்றுக்குப் போனார்கள். மதிப்பெண் இன்னும் கீழே இறங்கியது. அவரைத் திரும்பச் சேர்த்துவிட்டு நறுமுகையை எடுத்தாள். அறுபத்து நான்கு. மகள் இல்லாத இடத்துக்கு எதற்கு வந்தோம் என்று இருவரின் நிழல்களும் சலித்துக்கொண்டன. மகளையும் திரும்பச் சேர்த்தாள்.

மிச்சம் ஒரே உருப்படிதான். அதையும் எடுத்தாள்.

93.

பச்சை எழுத்தில் வந்தது. பாராட்டுகள் என்றுகூட ஒரு வரி இருந்தது. அந்த ஒத்திகையையும் கேட்டாள். ஆறு ஓடியது. டம்ளர் வைக்கிற சத்தம். தேநீர் ஆற்றுகிற சத்தம். கேரவன் கதவு மெல்லத் திறந்து மெல்ல மூடியது. காற்று. மறுபடி ஆறு. ஒரு சுடுசொல் இல்லை, ஒரு முனகல் இல்லை. நான்கு நாளும் அப்படியே போயிற்று. இப்படியொரு நிம்மதியை இத்தனை வருஷத்தில் நான் இந்த இரண்டு பேருக்கும் ஒரு நாளாவது கொடுத்தேனா என்று நினைத்தாள். கெட்ட உருப்படி எது என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

எனக்கு அவள் மேல் கோபம்தான் வருகிறது. ஆனால் அந்த 93-ஐப் பார்த்த கணத்தில் அவள் தன்னைப் பற்றி நினைக்கவில்லை, அவர்களுக்கு நல்லபடியாக ஒரு பயணம் அமைந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். அதனால் திட்டவும் முடியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொன்னாள்.

“கம்பெனியில திடீர்னு ஒரு ஷிப்மென்ட் வந்து நிக்குது. எனக்கு லீவு கெடைக்காது. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. அனுமதிக்கும் தேறிருச்சு, தொண்ணூத்தி மூணு.”

நறுமுகை கையிலிருந்த போனைக் கீழே வைத்தாள். “நீ இல்லாமயா? அப்ப வேண்டாம்மா.”

“எதுக்கு வேண்டாங்கற? நீ ஆசப்பட்டுக் கேட்டது. இனி அஞ்சு வருசம் கழிச்சுத்தான வருவ. போயிட்டு வா கண்ணு.”

“அப்பா என்ன சொல்றாருன்னு கேளு.”

தரணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அவ போறதுன்னா நான் வர்றேன்னு சொல்லு.”

“வர்றாராம்.”

“சரி, அப்ப நானும் வர்றேன்னு சொல்லிரு.”

பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி இருவரும் முழித்தார்கள். அந்த வாரம் முழுக்க மோகனா இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் பாடம் எடுத்தாள். அவரிடம், அவளுக்குக் குளிர் ஆகாது, ராத்திரி ஜன்னலை மூடச் சொல்லுங்கள் என்றாள். அவளிடம், அவர் மாத்திரையை மறந்துவிடுவார், எடுத்துக் கொடு என்றாள். இருவரும் தலையாட்டினார்கள். ஆற்றங்கரையில் இவர்கள் எப்படி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள் என்ற கேள்வி அவளுக்கு வரவே இல்லை.

இரண்டே பேர் போகிற வண்டிக்கு வாரியத்தில் இன்னொரு படி இருந்தது. ஆள் குறைவு என்பதால், சைரன் ஊதினால் என்ன செய்வார்கள் என்று தனியாக ஓர் ஒத்திகை போட்டு, போகிறவர்களை நேரில் உட்காரவைத்துக் காட்டிய பிறகே முத்திரை வைப்பார்கள். உடுமலையில் இருந்தது வாரியத்தின் அலுவலகம். மோகனாவும் கூடவே கிளம்பினாள். ஷிப்மென்ட் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. காரில் தரணி ஓட்ட, நறுமுகை பின்னால் உட்கார, மோகனா முன்னால் உட்கார்ந்து பாதி வழி பின்பக்கம் திரும்பியபடியே வந்தாள்.

ஜெசிந்தா போனில் கேட்ட குரலைவிட வயதில் சிறியவளாக இருந்தாள். மூவரையும் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, சுவரில் பள்ளத்தாக்கின் வரைபடத்தை வரவழைத்தாள். ஆறு நீலமாக வளைந்து போனது. இரண்டு மருதமரங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கட்டம், அதுதான் கேரவன். அதன் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, அது தரணி. ஆற்றில் கொஞ்சம் கீழே, பாறைமேல் ஒரு மஞ்சள் புள்ளி, அது நறுமுகை.

“அந்தப் பாறைகிட்டத் தண்ணி கொட்டற சத்தம் அதிகம்ங்க. அங்க உக்காந்தா சைரன் கேக்காது. கேக்காதவங்களக் கூட இருக்கறவங்க கூப்பிடணும். பாதித் தூரம் நடந்து போயி ஒரு சத்தம் போட்டாப் போதும்” என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா பொத்தானை அழுத்தினாள்.

சைரன் ஊதியது. கற்பனைச் சைரன்தான் என்றாலும் மோகனா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

சிவப்புப் புள்ளி உடனே அசைந்தது. அடுப்பை மூடுகிற சத்தம் கேட்டது. வெளியே விரித்திருந்த பந்தல்துணியைச் சுருட்டுகிற சத்தம் கேட்டது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. வண்டியை உசுப்பி வைத்தாயிற்று. எல்லாம் கச்சிதமாக நடந்தது. “பரவால்லீங்க சார்” என்றாள் ஜெசிந்தா. தரணி லேசாகத் தலையசைத்துக்கொண்டார்.

பிறகு சிவப்புப் புள்ளி பாறையை நோக்கிப் பாதித் தூரம் நடந்தது. நின்றது.

மஞ்சள் புள்ளி அசையவில்லை. வரைபடத்தில் ஆற்றின் நீலம் மேலே கொஞ்சம் அகலமாகத் தொடங்கியிருந்தது.

“கூப்பிடுவாருங்க” என்றாள் ஜெசிந்தா.

புள்ளி அங்கேயே நின்றது. மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. நீலம் முதல் வளைவைத் தாண்டி வந்தது. அந்த நான்கு நாள் ஒத்திகையில் ஒரு வார்த்தைகூடப் பேசாத தரணியின் நிழல் அப்போதுதான் வாயைத் திறந்தது.

“மோகனா” என்றது. “மோகனா, பாப்பாவக் கூப்பிடு.”

அந்தப் பள்ளத்தாக்கில் மோகனா இல்லை.

“மோகனா, தண்ணி வருது. பாப்பாவக் கூப்பிடு. மோகனா.”

“இதென்னங்க, நேராக் கூப்பிடாம...” என்று ஜெசிந்தா ஆரம்பித்து, மூவரின் முகத்தையும் பார்த்துவிட்டு, மெதுவாக முடித்தாள். “நிழலுக்குப் பழக்கமில்லாத ஒண்ண அது செய்யாதுங்க. அவரு உங்க பொண்ண நேராக் கூப்பிட்டத அது கேட்டதே இல்ல போலிருக்குது.”

நீலம் இரண்டாவது வளைவையும் தாண்டியது. சிவப்புப் புள்ளி கேரவனுக்கும் பாறைக்கும் நடுவே அல்லாடியது. மோகனா, மோகனா என்று அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. மஞ்சள் புள்ளி ஒன்றும் அறியாமல் உட்கார்ந்திருந்தது.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. தரணி எழுந்து நின்றிருந்தார்.

“நறுமுகை!”

பக்கத்து அறையில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அவர் சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். “நறுமுகை! பாப்பா! எந்திரி, மேல ஏறி வா! தண்ணி வருது பாப்பா!”

“அப்பா.” நறுமுகை அவர் கையைப் பிடித்தாள். “அப்பா, நான் இங்கதானப்பா இருக்கேன்.”

ஜெசிந்தா அவசரமாகப் படத்தை நிறுத்தினாள். தரணி மகளைத் திரும்பிப் பார்த்தார். என்னவோ சொல்ல வந்து, பழக்கத்தில் மோகனா பக்கம் திரும்பி, மறுபடியும் மகளிடமே திரும்பினார்.

“கூப்பிடாம நிப்பனா பாப்பா? நான் கூப்பிடாம நிப்பனா?”

“மாட்டீங்கப்பா.”

“அது யாரோ. அது நான் இல்ல.”

“தெரியும்ப்பா. உக்காருங்க.” அவள் அழுதுகொண்டே நாற்காலியை நிமிர்த்திப் போட்டாள். “நானும் எத்தனையோ தடவ உங்ககிட்டப் பேசலாம்னு வந்து, அம்மாகிட்டப் பேசிட்டுப் போயிட்டேன். சென்னையில இருந்து போன் போட்டாக்கூட ‘அப்பா நல்லா இருக்காரா’ன்னுதான் கேட்டேன். உங்க நம்பர் எங்கிட்ட இருக்குதப்பா.”

மோகனா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிம்மதி என்று அவள் நினைத்த அந்த நான்கு நாளும் இப்போது அவள் காதில் வேறு மாதிரி ஓடின. டம்ளர் வைத்த சத்தத்துக்குப் பிறகு ‘இந்தா’ என்று யாரும் சொல்லவில்லை. கதவு திறந்தபோது ‘எங்கே’ என்று யாரும் கேட்கவில்லை. உரசல் இல்லாததற்கு வாரியம் தொண்ணூற்று மூன்று கொடுத்திருந்தது. உரசுவதற்கு அங்கே இரண்டு பேர் இருந்ததாகவே தெரியவில்லை.

“ஷிப்மென்ட் ஒண்ணும் இல்ல” என்றாள் மோகனா திடீரென்று. “என்னய எடுத்துட்டா நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா இருப்பீங்கன்னு அதுல காட்டுச்சு. அதான்.”

நறுமுகைக்கு வந்ததே கோபம்.

“உன்னைய எடுத்துட்டா? நீ என்ன டேமேஜ் பீஸாம்மா, எடுத்து ஓரமா போடறதுக்கு? எந்த மெஷினோ ஒரு நம்பர் சொன்னா எங்களக் கேக்க மாட்டியா?”

“கேட்டா நீங்க ஒத்துக்குவீங்களா?”

“அதான் கேக்கலையா? நீயா ஒண்ணு முடிவு பண்ணிக்குவ, நாங்க தலையாட்டணும். அப்பாவும் இதேதான், நீயும் இதேதான்!”

“நான் என்ன பண்ணுனேன்?” என்றார் தரணி.

“மிஷின் வாங்கறப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?”

“நீ சென்னைக்குப் போறத எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? வேலைய வாங்கி வெச்சுட்டு வந்து சொன்ன!”

“ஏனுங்க, ஆபீஸுல வந்து கத்தாதீங்க” என்றாள் மோகனா.

“நீ சும்மா இரு. ரெண்டு வருசமா நீ பேசுனது போதும், நான் பேசிக்கறேன்” என்றார் தரணி. சொல்லிவிட்டு அவரே திகைத்துப்போய் நின்றார்.

அந்த அறையில் அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னார்கள் என்று தனித்தனியாக எடுத்துச் சொல்ல முடியாது, மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இரண்டு வருஷத்துப் பாக்கி. ஜெசிந்தா குறுக்கே வரவில்லை. தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள், அது வந்ததும் ஆளுக்கொரு டம்ளர் முன்னால் வைத்தாள், ஜன்னல் பக்கமாகப் போய் நின்றுகொண்டாள். அவர்கள் களைத்துப்போய் ஒவ்வொருவராகத் தண்ணீர் குடித்தபோது திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“ரெண்டு பேரா போறதுக்கு அனுமதி தர முடியாதுங்க. அதான் நீங்களே பாத்துட்டீங்களே” என்றாள். “ஆனா எழுபத்தஞ்சுக்குக் கீழ இருந்தாலும், சைரன் ஒத்திகையில தேறிட்டா அதிகாரியா நானே பாத்து விடலாம்னு ஒரு வழி இருக்குதுங்க. இதுவரைக்கும் யாரும் அதக் கேட்டதில்ல. மூணு பேரயும் வெச்சு ஒரு தடவ போட்டுப் பாக்கலாமா?”

மோகனா மகளைப் பார்த்தாள். மகள் அப்பாவைப் பார்த்தாள். “போடுங்க” என்றார் தரணி.

வரைபடம் திரும்ப வந்தது. இந்த முறை மூன்று புள்ளிகள். சைரன் ஊதிய உடனே ஆற்றுச் சத்தத்தையும் மீறி மோகனாவின் குரல் அந்த அறையை நிறைத்தது. ஏனுங்க, செருப்ப விடுங்க, துண்ட விடுங்க, வண்டிய எடுங்க. அவள் அடுப்பை மூட ஓடினாள். மகளை அழைக்க அவளுக்கு வாய் ஒழியவில்லை. அதற்குள் சிவப்புப் புள்ளி பாதித் தூரம் போய், “பாப்பா! மேல வா!” என்று ஒரே ஒரு சத்தம் போட்டது. மஞ்சள் புள்ளி குதித்து ஓடி வந்தது. ஏன் இவ்வளவு நேரம், எதற்கு அவ்வளவு தூரம் போனாய், நீங்கள் எதற்கு இப்படிக் கத்துகிறீர்கள் என்று மூவரும் சண்டை போட்டபடியே வண்டி மேட்டுக்கு ஏறியது. ஆறு அதற்கப்புறம்தான் வந்தது.

“இப்ப மட்டும் எப்படீங்க கூப்பிட்டாரு?” என்று மோகனா கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“போனு அவரு சட்டைப் பையிலதான இருக்குதுங்க. இந்த அரைமணி நேரமா அதுவும் கேட்டுட்டுத்தான இருந்துச்சு” என்றாள் ஜெசிந்தா. முத்திரை வைத்துவிட்டு, புதிதாக வந்திருந்த மதிப்பெண்ணைப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். நறுமுகை எட்டிப் பார்த்தாள்.

“அம்பத்தெட்டா? மொதல்ல அறுபத்தொண்ணு இருந்துச்சே! ஏன் கொறைஞ்சு போச்சு?”

“மொதல்ல உங்க அப்பாவோட நிழல் சண்டையே போடலீங்க. இப்ப அதுவும் போடுது. அதான் மூணு மார்க் எறங்கிருச்சு.”

தரணி அந்த எண்ணை உற்றுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு திரும்பி, மோகனாவிடம் இல்லை, மகளிடமே கேட்டார்.

“இத்தனை கத்தியும் என்னுது மூணு மார்க்குத்தானா பாப்பா?”